ஆறு இடக்கைப் பக்கம்

அந்த நடைபாதையில் வழி தவறிப்போக யாராலும் முடியாது. நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் பாதை. பழைய பாலத்தடியில் கிளம்பி இந்தக் கரையோடு போய், புதுப்பாலத்தில் அக்கரைக்குக் கடந்து, அந்தக் கரையோடு திரும்பி, பழைய பாலத்தில் ஏறி இறங்கினால் கிளம்பிய இடம். படிக்கட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஏறவேண்டிய இடங்களில் சாய்தளம் போட்டுக் கைப்பிடிக் கம்பியும் வைத்திருந்தார்கள். ஆற்றுப்பக்கம் முழுக்க இடுப்பளவு இரும்பு வேலி. மறுபக்கம் பெஞ்சுகள், தண்ணீர்க் குழாய்கள், தெருவிலிருந்து இறங்கிவரும் வழிகள். சக்கர நாற்காலி போகும், குழந்தைவண்டி போகும், மூட்டு தேய்ந்தவர்கள் போகலாம், வேலைவெட்டி இல்லாதவர்கள் இரண்டு முறை போகலாம். நகரசபை உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று ஊரே சொல்லும். சொல்லிக்கொண்டே அதே பாதையில் வாழைப்பழத் தோலையும் போடும்.

டிரைவர் அங்கே வந்தது ஆசைப்பட்டு அல்ல. வயதில் பாதிக்குமேல் நகரப் பேருந்து ஓட்டியவர். தெருவில் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, டிரைவர் வீடு என்றால் நாய்கூட வழிகாட்டும். ஒருநாள் காலை பல் துலக்கும்போது அவர் இடது கையிலிருந்த குவளை தானாகக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கையும் திரும்பியது. “தினமும் நடங்க. படி வேண்டாம், மேடு வேண்டாம். ஆத்தோரப் பாதை இருக்கே, அது போதும்” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் நடந்தாரா என்றால், இல்லை, ஓட்டினார். முதல் நாளே அந்தப் பாதையை ஒரு ரூட்டாக்கிவிட்டார். பெஞ்சுகள் எல்லாம் ஸ்டாப்புகள். தண்ணீர்க் குழாய் ஒரு ஸ்டாப், வாத்துகள் கூடுகிற வளைவு ஒரு ஸ்டாப். கிளம்புவது பழைய பாலத்தடியில், ஆறு இடக்கைப் பக்கம் இருக்க வேலியை ஒட்டிப் போவது, அதே மாதிரி சுற்றி வந்து முடிப்பது. ஊரில் பாதிப்பேர் எதிர்ச்சுற்றாக வருவார்கள். அவர்களையெல்லாம் டிரைவர் மதிக்கவே மாட்டார்.

“ராங் சைடுல வர்றான் பாரு” என்பார்.

“நடக்குறதுல என்னங்க ராங் சைடு?” என்பாள் மனைவி.

“ரூட்டுன்னா ரூட்டு. இஷ்டத்துக்கு வர்றதுக்கு இது என்ன உங்க லாண்டரியா?”

மனைவி லாண்டரி வைத்திருந்தாள். தெரு அவளை லாண்டரியம்மா என்று கூப்பிட்டது. தங்கும் விடுதிகளிலிருந்தும் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கைவிரிப்புகள் மூட்டையாக வந்து இறங்கும். துவைக்க இயந்திரம், உலர்த்த இயந்திரம், தேய்க்க நீராவிப் பெட்டி. கடைக்குள் எப்போதும் சோப்பு வாசனையும் புழுக்கமும்தான். காலையில் அவரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து ஷட்டரைத் தூக்குவாள். அந்த நேரத்துக் காற்றுதான் அவளுக்கு அன்று முழுக்கக் கிடைக்கும் காற்று.

அந்த நடையில் அவளுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. ரகசியம் என்று சொல்லக்கூடாது, துணி போடவந்த எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து டிரைவர் எங்கே போனாலும் முன்னால் விறுவிறுவென்று போவார், அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவாள். நோயிலிருந்து எழுந்த பிறகு ஆளே மாறிவிட்டார். “பக்கத்துல வா. இந்தப் பக்கம் வா” என்று வலப்பக்கத்தில் அவளை ஒட்டி நடக்கச் சொன்னார். அவள் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால் அவரும் நின்றார். பொண்ணுக்கே குழந்தை பிறந்த வயதில் தனக்கு இப்படி ஒரு யோகமா என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோரிடமும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் டிரைவர் லாண்டரியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர், ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி இழுத்து, நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்த்துக் கைமாற்ற வேண்டும். கூலிக்கு வரும் பெண் லீவு போட்ட நாளிலெல்லாம் டிரைவர்தான் மறு ஓரம்.

“மூலை, மூலை! உங்க மூலை தொங்குது பாருங்க” என்றாள் லாண்டரியம்மா.

“எங்க?”

“எங்கவா? கீழ. இடது கைல. தரையைக் கூட்டுது.”

அவர் தலையை வெடுக்கென்று திருப்பிப் பார்த்து, விரிப்பின் மூலையைத் தேடி எடுத்தார். “கைக்கு இன்னும் பலம் வரல” என்றார்.

“வரும் வரும். அவசரப்பட்டு இழுக்காதீங்க.” எல்லாவற்றையும் அவள் அந்தக் கையின் கணக்கிலேயே எழுதினாள். பால் கிளாஸைத் தட்டிவிட்டாலும் கைதான், நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாலும் கைதான். பாவம் அந்தக் கை, அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் தம்பி வந்தான். டிப்போவில் எந்த வண்டி எப்போது வெளியே போகவேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை அவனுக்கு. உள்ளே நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

“மச்சான், முடிஞ்சிடுச்சு! டாக்டர் ஃபிட்டுன்னு போட்டுட்டாரு. திங்கக்கிழமை காலை முதல் டிரிப் உங்களுக்கு. பழைய வண்டி, பழைய ரூட்டு.”

டிரைவர் கையிலிருந்த விரிப்பை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார். “நெசமாவா மாப்ளே?”

“நான் என்ன சும்மாவா சொல்றேன்? அங்க ரெண்டு பேர் இழுத்துப் பாத்தாங்க. அந்தாளுக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை குடு, ஆபீஸ்ல உக்கார வைன்னாங்க. நான் சொன்னேன், எங்க மச்சான் கண்ணைக் கட்டிவிட்டாக்கூட வண்டியை ஓட்டி ஸ்டாப்புல நிறுத்துவாரு, நான் பொறுப்புன்னு. மூஞ்சி விழுந்துபோச்சு அவனுங்களுக்கு.”

“நீ ஏன்டா பொறுப்பெல்லாம் ஏத்துக்குற?” என்றாள் அக்கா, பெருமை தாங்காமல்.

“பின்ன? டாக்டர் செவுத்துல மாட்டின எழுத்தைக் காட்டினா மச்சான் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சாராம். எனக்குக் கண்ணாடி போட்டும் அது எறும்பு மாதிரி இருக்கு. டீ வாங்கிக் குடுங்க மச்சான்.”

டிரைவர் டீ வாங்கப் போனார். ஷட்டரின் ஓரத்தில் இடது தோளை இடித்துக்கொண்டு, அதைத் தடவிக்கொண்டே போனார். சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை என்று அக்காளும் தம்பியும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொண்ணு குழந்தையோடு வந்திருந்தாள். எல்லோருமாக ஆற்றங்கரைக்குப் போனார்கள், குழந்தைவண்டியோடு பழைய பாலம்வரை போகாமல் நடுவழியிலேயே பாதையில் இறங்கினார்கள். லேசாகக் காற்று, தண்ணீரின்மேல் மெல்லிய புகை. அப்போதுதான் மேலே வந்த வெயில், டிரைவரின் ரூட்டில் நடந்தால் நேரே முகத்தில் அடிக்கும். குழந்தைவண்டியில் படுத்திருந்த குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிணுங்கியது.

“அப்பா, அந்தப் பக்கமா சுத்திப் போலாம்ப்பா. வெயில் முதுகுல விழும்.”

“வேண்டாம்மா. இப்படிப் போறதுதான் வழக்கம்.”

“சுத்து ஒண்ணுதானே? எப்படிப் போனாலும் இங்கதானே வரணும்?”

“ரூட்டை மாத்தக்கூடாது.”

“அப்பா, இது பஸ் இல்லப்பா.”

“ஒரு நாளைக்குத்தானே, பேத்திக்காக. என்ன பிடிவாதம் இது?” என்றாள் லாண்டரியம்மா.

டிரைவர் ஆற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். வேறு காரணம் ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. “சரி. ஆனா வண்டியை நான்தான் தள்ளுவேன்” என்றார். ஸ்டீயரிங் கையில் இருந்தால் ஆபத்து இல்லை என்பது டிரைவர்களின் நம்பிக்கை.

அன்று ஆறு வலக்கைப் பக்கம் வந்தது. டிரைவர் புத்தி, பாதையின் இடது ஓரத்தைத்தான் பிடித்தார். அந்த ஓரத்தில் வேலி இல்லை. பெஞ்சும் குழாயும் குப்பைத்தொட்டியும் நாய் கூட்டிவருபவர்களும் எல்லாம் அந்த ஓரத்தில்தான். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, குழந்தைவண்டியின் இடது சக்கரம் குப்பைத்தொட்டியின் காலில் இடித்து நின்றது. குட்டி அதிர்ந்துபோய், பிறகு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

“எவன்டா இவன், நட்டநடுப் பாதைல தொட்டியை வச்சவன்?” என்றார் டிரைவர்.

தொட்டி ஓரமாகத்தான் இருந்தது. லாண்டரியம்மா அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தெருவிலிருந்து சாய்தளம் இறங்கிவரும் இடத்தில் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார். மடியில் செய்தித்தாள், கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணி. தூரத்திலேயே மணி அடித்தார். டிரைவர் நிற்கவில்லை. “ஐயா! ஐயா!” என்று கத்திக்கொண்டு அவர் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடிக்க, பொண்ணு பாய்ந்து குழந்தைவண்டியை இழுக்க, இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் மிச்சம்.

“மணி அடிச்சேனே, கேக்கலையா?” என்றார் நாற்காலிக்காரர். அவருக்கு மூச்சு வாங்கியது.

“கேட்டுது. நீங்க... எங்கேர்ந்து வந்தீங்க?”

“எங்கேர்ந்தா? உங்க கண்ணு முன்னாலதான் இறங்கி வந்தேன். என்னைப் பாத்துக்கிட்டேதானே வந்தீங்க?”

டிரைவர் “மன்னிச்சுக்கங்க” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து லாண்டரியம்மா அதிகம் கேட்டதில்லை.

“நாளைக்கு இப்படித்தான் பஸ் ஓட்டப்போறீங்களாப்பா?” என்று சிரித்துக்கொண்டே பொண்ணு குழந்தைவண்டியைத் தான் வாங்கிக்கொண்டு, வாத்து காட்ட முன்னால் போய்விட்டாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அம்மா சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

இருவரும் நடந்தார்கள். டிரைவர் வாய் ஓயாமல் பேசினார். முதல் டிரிப்பில் யார் யார் ஏறுவார்கள், மீன் கூடைக்காரம்மா எந்த ஸ்டாப், நர்ஸ் பொண்ணுங்க எந்த ஸ்டாப் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். லாண்டரியம்மா நடையைத் தளர்த்தினாள். அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி, அவருடைய இடப்பக்கம் வந்து, அதே வேகத்தில் சேர்ந்து நடந்தாள். கையை நீட்டினால் தொடும் தூரம்தான்.

அவர் பேச்சு நின்றது. வலப்பக்கம் பார்த்தார். “என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார் அந்தப் பக்கத்துக் காற்றிடம்.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். அவர் வலப்பக்கமாகவே திரும்பிப் பின்னால் பார்த்தார். “எங்க போனா இவ? இப்பத்தானே வந்தா” என்று முனகினார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சின்ன வயதில் அண்ணன்மாருக்குக் காட்டுவதுபோல் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். எதிரே ஓடிவந்த ஒரு பெண் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடந்து போனாள். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நேரே பார்த்தபடி, காணாமல் போன மனைவிக்காகக் காத்துக்கொண்டு, மெதுவாக நடந்தார். நாக்கை உள்ளே இழுக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“இங்கதாங்க இருக்கேன்.”

டிரைவர் துள்ளி விழுந்தார். தலையை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவள் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

“எப்பலேர்ந்து?”

“ஆஸ்பத்திரிலேர்ந்தே.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“அவங்கதான் சொன்னாங்க. நீ மருந்து வாங்கப் போயிருந்தே. ரெண்டு கண்ணுலயும் இடது பக்கத்துப் பாதி போயிடுச்சு, கண்ணுல கோளாறு இல்ல, மூளைல. சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. வண்டி ஓட்டாதீங்கன்னும் சொன்னாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சரியாயிடும்னு நெனச்சேன். சரியானப்புறம் சொல்லிக்கலாம்னு.”

“சரியானப்புறம் சொல்றதுக்கு என்னங்க இருக்கு?”

அவர் ஆற்றைப் பார்த்தார். ஒரு படகு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“இருட்டா இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருட்டுன்னா பரவாயில்லையே. இருட்டா இருக்குன்னு தெரிஞ்சிடுமே. இது ஒண்ணுமே இல்ல. உனக்கு முதுகுப் பக்கம் என்ன தெரியுது இப்ப? இருட்டாவா இருக்கு? இல்லல்ல. அந்த மாதிரி.”

“அப்ப டிப்போ டாக்டர் எப்படி விட்டாரு?”

டிரைவர் சொல்லும்போது குரலில் வெட்கமும் இருந்தது, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும் இருந்தது. “எழுத்து நேரா பாக்குறதுதானே, அது சுலபம். அப்புறம் எதுக்க உக்காந்து, என் மூக்கையே பாருங்க, எந்தக் கை விரல் அசையுதுன்னு சொல்லுங்கன்னாரு. கை அசையுறதுக்கு முன்னால தோள் அசையும். ரோட்டோரம் நிக்கிறவன் இறங்கப்போறானா இல்லையான்னு நாங்க தோளைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அவர் சட்டைக் காலர் எந்தப் பக்கம் இழுபடுதுன்னு பாத்தேன். எல்லாம் சரியாச் சொன்னேன்.”

“ஏமாத்திட்டு வந்தீங்க.”

“ஆமா.”

“இந்தச் சுத்தும் அதுக்குத்தானா? ரூட்டு, ரூட்டுன்னு?”

“ஆத்தை இடது பக்கம் வச்சுக்கிட்டா அங்கேர்ந்து யாரும் வரமாட்டாங்க. மீன் வந்தாத்தான் உண்டு.”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. “பஸ்ல இடது பக்கம் என்னங்க இருக்கு?” என்று கேட்டாள்.

அவர் படகையே பார்த்தார்.

“சொல்லுங்க. எனக்குத் தெரியாது, நான் லாண்டரிக்காரி. பஸ்ல இடது பக்கம் என்ன இருக்கு?”

“வாசப்படி.”

“அதுல யாரு ஏறுவாங்க?”

“எல்லாரும்தான்.”

“ஓடி வந்து ஏறுறவங்க?”

“அவங்களும்தான்.” சற்று நிறுத்தி, “பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க” என்று அவரே சேர்த்துக்கொண்டார். பிறகு அவசர அவசரமாக, “கண்ணாடி இருக்கு. தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்குவேன். பழகிட்டா வந்துடும்” என்றார்.

“குப்பைத்தொட்டியை அப்படித்தான் பாத்தீங்களா?”

லாண்டரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னொன்று கேட்கவேண்டியிருந்தது. இந்த நேரத்தில் இதைக் கேட்கலாமா என்று யோசித்து, கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று கேட்டுவிட்டாள்.

“வலப்பக்கம் வா, ஒட்டி நடன்னு கூப்பிட்டீங்களே. அதுவும் இதுக்குத்தானே? நான் பைத்தியக்காரி மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“முதல்ல இதுக்குத்தான் கூப்பிட்டேன்” என்றார் டிரைவர். “உன்னைத் தொலைச்சுட்டு நிக்கக்கூடாதேன்னு. அப்புறம் பழகிப்போச்சு.”

“எது?”

“நீ பக்கத்துல வர்றது. இத்தனை வருஷம் ஏன் முன்னால முன்னால ஓடினேன்னு இப்பத் தெரியல.”

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வாத்துப் பக்கமிருந்து குட்டியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“வண்டியை விட்டு இறங்கிட்டா நான் யாரு, சொல்லு” என்றார் அவர். “தெருவுல எல்லாரும் டிரைவர்னுதானே கூப்பிடுறான். நாளைக்கு என்னன்னு கூப்பிடுவான்?”

“என்னமோ கூப்பிட்டுட்டுப் போறான். நான் என்னங்கன்னுதான் கூப்பிடுறேன். அது மாறாது.”

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். “நாளைக்கு டிப்போல நானே சொல்லிடுறேன். நீ உன் தம்பிகிட்ட ஒண்ணும் பேசாத” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் லாண்டரியம்மா வீட்டையே புதுசாகப் பார்த்தாள். அவருடைய நாற்காலி இப்போது சுவரை ஒட்டிக் கிடந்தது, சுவர் இடப்பக்கம். டிவியில் வெளிச்சம் அடிக்கிறது என்று அவர்தான் இழுத்துப் போட்டார். கட்டிலில் சுவர்ப்பக்கம் மாறிப் படுத்தார், அதுவும் இடப்பக்கம். சாப்பாட்டு மேசையில் தட்டை வலப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே இந்த மனுஷன் ஆறு கட்டி வைத்திருக்கிறார், தான் தினமும் அதைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறோம் என்று நினைக்க அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பொண்ணு கிளம்பிப் போன பிறகு, சூப்பும் ரொட்டியும் சாப்பிடும்போது டிரைவர் மெல்ல ஆரம்பித்தார்.

“ஒரு வாரம் மட்டும் ஓட்டிப் பாத்துட்டு...”

“எதை வச்சுப் பாப்பீங்க?”

“இல்ல, உன் தம்பி பொறுப்புன்னு வேற சொல்லிட்டான். நான் போய் இப்படின்னா அவன் மானம் போயிடும்.”

“அவன் மானத்தை நான் துவைச்சுத் தேய்ச்சுக் குடுத்துக்கறேன். நீங்க சொல்றதா இல்லையா?”

“சொல்றேன்னுதானே சொன்னேன்.” ரொட்டியைச் சூப்பில் நனைத்துக்கொண்டே, “யூனிஃபார்ம் தேய்ச்சாச்சா?” என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லப் போகிறவருக்கு யூனிஃபார்ம் எதற்கு? அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தேய்த்தாள். கோபத்தில் தேய்த்த மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

காலையில் அவள் விழிக்கும்போது கட்டிலில் அவர் இல்லை. யூனிஃபார்மும் இல்லை. டீகூடப் போட்டுக் குடிக்கவில்லை. லாண்டரியம்மா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். டிப்போவைவிட்டு வெளியே வரும் வண்டிக்கு முதல் ஸ்டாப் லாண்டரிக்கு எதிரேதான். அதுவரை வண்டி காலியாகத்தான் வரும். தம்பிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை.

எதிர்ச்சாரியில் ஸ்டாப்பில் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. மீன் கூடைக்காரம்மா, இரண்டு நர்ஸ் பெண்கள், பை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர் சொன்ன வரிசை மாறாமல் வந்து நின்றார்கள். அவர் ஸ்டீயரிங்கில் இருந்தால் நடுரோட்டில் போய் நின்றுவிடுவது, கத்துவது, என்ன ஆனாலும் சரி என்று முடிவு செய்தாள். நிற்பதென்றால் அவருக்கு வலப்பக்கமாக நிற்கவேண்டும் என்றும் கூடவே தோன்றியது. அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முக்கில் பஸ் திரும்பியது. வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே யார் என்று தெரியவில்லை. அவள் ரோட்டில் காலை வைத்துவிட்டாள். வண்டி இன்னும் பக்கத்தில் வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாடிக்கார முகம் தெரிந்தது. சின்னப் பையன், அவள் பார்த்தேயிராத ஆள்.

காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கடை வாசலில் இறக்கியிருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். நல்லவேளை என்று நினைத்தாள், நினைக்கும்போதே அழுதாள். அந்த சீட்டில் அவரைத் தவிர இன்னொருவரைப் பார்க்க இவ்வளவு வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பஸ் எதிர்ச்சாரியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அது விலகியதும் ஸ்டாப்பில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத யூனிஃபார்ம். டிப்போவிலிருந்து அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வந்து இறங்கியிருக்கிறார்.

“என்ன டிரைவரே, டூட்டி இல்லையா?” என்று பழக்கடைக்காரர் கேட்டார். சைக்கிள் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

டிரைவர் ரோட்டின் ஓரத்துக்கு வந்தார். காலை நேரம், இரண்டு பக்கமும் வண்டிகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் அந்த ரோட்டில் அவர் ஒரு கையை உயர்த்தினால் போதும், லாரிக்காரன்கூட நிறுத்திச் சலாம் வைப்பான். இப்போது வலப்பக்கம் பார்த்தார். தலையை முழுசாகத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். மறுபடி வலப்பக்கம் பார்த்தார். ஒரு காலை இறக்கினார். இடப்பக்கமிருந்து ராங் சைடில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. காலை எடுத்துக்கொண்டார்.

லாண்டரியம்மா எழுந்து நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம். பிடித்தால் தெருவே பார்க்க உதறிவிடுவாரோ என்று பயந்து நின்றாள்.

டிரைவர் நிமிர்ந்து, எதிரே கடை வாசலில் அவளைக் கண்டுபிடித்தார். வண்டிச் சத்தத்துக்கு மேலே, டிப்போவில் பேசுகிற குரலில், தெருவே கேட்கக் கூப்பிட்டார்.

“ஏம்மா! எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. வந்து கூட்டிட்டுப் போ!”

பழக்கடைக்காரர் கையிலிருந்த ஆப்பிளோடு அப்படியே நின்றார். லாண்டரியம்மா எப்படி ரோட்டைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போய் நின்றதும், “சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேன். தோள் விஷயத்தையும். உன் தம்பி என் முகத்தைப் பாக்கல. ரெண்டு நாள் பேசமாட்டான்.”

“பேசுவான். யூனிஃபார்ம் எதுக்குங்க போட்டுக்கிட்டுப் போனீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு.”

“அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஏமாத்துறதா இருந்தேன். அதைப் போட்டுக்கிட்டே சொன்னாத்தான் சரின்னு பட்டுது.”

அவள் அவருக்கு இடப்பக்கம் போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு வேனைப் போகவிட்டு, அவரை ரோட்டில் இறக்கினாள். பாதி ரோடு வந்தபோது அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“எல்லாரும் பாக்குறாங்களா?”

“பாக்குறாங்க.”

“பாக்கட்டும்” என்றார் அவர்.